வீட்டு வைஃபை ரூட்டரே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆவது எப்படி?

“ரூட்டர்லயே போன் சர்வர் போட்டுக்கலாமாமே? அப்புறம் எந்த ஊருக்குப் பேசினாலும் காசே ஆகாதாமே?” கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சித்தப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர், “சர்வர்னா ஏசி ரூம்ல வைக்கிற பெரிய கம்ப்யூட்டர் சார். இத்துனூண்டு பெட்டியில எப்படி ஓடும்?” என்றார்.

சித்தப்பா சொன்னதில் பாதி சரி. மற்றவர் சொன்னது சரியில்லை. இரண்டு பேருமே சறுக்கியது ஒரே இடத்தில்தான்: போன் சர்வர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறது என்பதில். அது புரிந்துவிட்டால் சின்னப் பெட்டி ஏன் போதும், எந்தப் பேச்சுக்குக் காசு இல்லை, எதற்கு உண்டு என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். பந்தி வந்துவிட்டதால் அன்று பாதியில் நின்ற பேச்சை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

## ட்ரங்க் கால் போட்டவர்களுக்குத் தெரியும்

எஸ்டிடி வருவதற்கு முன்னால் வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டரிடம் ஊரையும் எண்ணையும் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். அவர் அந்த ஊரைப் பிடித்து, அங்கே மணி அடிக்க வைத்து, ஆள் எடுத்ததும் “பேசுங்க” என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. நாம் பேசும் பேச்சைச் சுமந்து போவது அவர் அல்ல, கம்பி. பேசி முடித்ததும் இணைப்பைக் கழற்றுவதற்கு மட்டும் திரும்ப வருவார்.

இன்டர்நெட் போன் சர்வர் அந்த ஆபரேட்டர்தான். யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது, கேட்டவருக்கு மணி அடிக்கச் சொல்வது, இருவரையும் சேர்த்து வைப்பது, முடிந்ததும் கணக்கை மூடுவது. குரலைச் சுமப்பது பெரும்பாலும் அதன் வேலையே இல்லை.

‘சர்வர்’ என்ற சொல்லையும் இங்கேயே தெளிவாக்கிவிடுவோம். நம் ஊர் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுபவரைச் சர்வர் என்கிறோம். அவர் உயரத்தையோ எடையையோ பார்த்து அந்தப் பெயர் வரவில்லை, கேட்டதைக் கொண்டுவந்து தருகிறார் என்பதால் வந்தது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். யாராவது கேட்டால் பதில் சொல்லத் தயாராகக் காத்திருக்கும் ஒரு மென்பொருள்தான் சர்வர். அது ஓடுகிற பெட்டி ஏசி அறையிலும் இருக்கலாம், ஹாலில் டிவிக்கு மேலேயும் இருக்கலாம்.

## ரூட்டருக்குள் இருப்பது ஒரு கம்ப்யூட்டர்

ரூட்டரைத் திறந்து பார்த்தால் பிராசஸர், ரேம், ஃபிளாஷ் நினைவகம் எல்லாம் இருக்கும். திரையும் கீபோர்டும்தான் இல்லை.

இதைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டியால். 2002 டிசம்பரில் வந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் என்று 2003-ல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸைப் போட்டு விற்றால் அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது உரிம விதி. கேட்டுக் கேட்டு, அந்த ஆண்டே நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதை அடித்தளமாக வைத்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ரூட்டரோடு வரும் மென்பொருளை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்துக்கொள்ளும்படி போடுகிற இலவச மாற்று அது.

போன் பக்கத்துக் கதை அதற்குச் சற்று முன்னால் தொடங்குகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் ஒரு சின்ன லினக்ஸ் சேவை நிறுவனம் நடத்திவந்தார். அலுவலகத்துக்கு ஒரு போன் எக்ஸ்சேஞ்ச் தேவைப்பட்டது. கடையில் விற்றவற்றின் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1999-ல் தானே ஒன்றை எழுதினார். அதுதான் அஸ்டெரிஸ்க். நட்சத்திரக் குறியின் பெயர் அது. கம்ப்யூட்டரில் அந்தக் குறிக்கு ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள். இன்றும் உலகம் முழுக்க ஓடும் இலவச போன் சர்வர் மென்பொருள் இது.

இந்த இரண்டும் ஒரே பெட்டிக்குள் சந்தித்தபோதுதான் நம் தலைப்பு உருவானது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிஎல் மாடலில் 200 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 16 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ். இன்றைய போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட 4 எம்பியைத் தாண்டிவிடும். அந்த வகைப் பெட்டிகளிலேயே, தேவையில்லாத பாகங்களைக் கழித்துவிட்டு, ஆர்வலர்கள் போன் சர்வரை ஓட்டிக் காட்டினார்கள். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர்களின் பல மாடல்களில் போன் எக்ஸ்சேஞ்ச் கம்பெனியிலேயே உள்ளே வைத்து வருகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் அந்தப் பெட்டியின் பின்னால் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பழைய டெலிபோன் ஒயர் செருகுகிற சின்னத் துளை ஒன்று இருக்கும். லேண்ட்லைன் எண் என்று தருகிறார்களே, அது அந்தத் துளை வழியாக வரும் இன்டர்நெட் போன்தான்.

சேர்த்துப் பார்த்தால்: சர்வர் என்பது வேலையின் பெயர், ரூட்டர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அந்த வேலையை இந்தக் கம்ப்யூட்டர் செய்ய எந்தத் தடையும் இல்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் அடுத்தது.

## ஒரு அழைப்பின் உள்ளே

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தளத்தில் அம்மா, எண் 101. மாடியில் நான், எண் 102. அம்மா வைத்திருப்பது பெரிய பட்டன்கள் உள்ள பழைய மேசை போன். அதற்கும் ரூட்டருக்கும் நடுவில் ஏடிஏ என்ற கைக்கு அடக்கமான பெட்டி ஒன்று. பழைய போனின் மின்சார மொழியை இன்டர்நெட் மொழிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. நான் மொபைலில் ஒரு இலவச ஆப் போட்டிருக்கிறேன்.

முதலில் இரண்டு போன்களும் சர்வரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். “நான் 102, என் கடவுச்சொல் இது, இப்போது 192.168.1.20 என்ற முகவரியில் இருக்கிறேன்.” இதற்கு ரெஜிஸ்டர் செய்வது என்று பெயர். வீடு மாறியவர் போஸ்ட் ஆபீஸில் புது முகவரி எழுதிக் கொடுப்பது போல. ஒரே வித்தியாசம், போன் இதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்லாமல் விட்டால் சர்வர் அந்தப் பெயரை அடித்துவிடும்.

அம்மா 102 அழுத்துகிறார். ஏடிஏ சர்வருக்கு ‘இன்வைட்’ என்று ஒரு செய்தி அனுப்புகிறது. ‘பேச அழைக்கிறேன்’ என்று பொருள். சர்வர் உடனே ‘100, முயல்கிறேன்’ என்கிறது. தன் ஏட்டைப் பார்த்து என் மொபைலுக்கு அந்த அழைப்பைத் தள்ளுகிறது. மொபைல் ‘180, மணி அடிக்கிறது’ என்று பதில் தருகிறது. அம்மா காதில் கேட்கும் ட்ரிங் ட்ரிங் இந்த 180-இன் விளைவுதான். நான் எடுத்ததும் ‘200, சரி’. யாராவது வைத்ததும் ‘பை’. நான் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தால் ‘486, பிசி’. இல்லாத எண்ணை அழுத்தினால் ‘404’. இணையத்தில் பக்கம் கிடைக்காதபோது வருகிற அதே 404தான், இந்தப் பேச்சுமுறையை வகுத்தவர்கள் இணையப் பக்கங்களின் பாணியைப் பின்பற்றியதால்.

இந்தப் பேச்சுமுறைக்குப் பெயர் எஸ்ஐபி. 1999-ல் முதல் வடிவம், 2002-ல் இன்று பயன்படும் வடிவம். எல்லாம் வெறும் எழுத்து. எடுத்துப் படித்தால் மனிதருக்கே புரியும். ஓர் அழைப்பைச் சேர்த்து வைக்க இப்படிச் சில சின்னச் செய்திகளே போதும். 200 மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்கு இது ஒரு வேலையே இல்லை.

குரல் வேறு வழியில் போகிறது. அதற்கு ஆர்டிபி என்ற தனி முறை. ‘200, சரி’ வந்த பிறகு குரல் துண்டுகள் அம்மாவின் ஏடிஏவுக்கும் என் மொபைலுக்கும் இடையே நேராகவே ஓடலாம். அல்லது சர்வர் நடுவில் நின்று கை மாற்றிவிடலாம். அஸ்டெரிஸ்கில் இரண்டுக்கும் வழி உண்டு. நடுவில் நின்றாலும் பெரும்பாலும் அது துண்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறது.

## குரலின் எடை

“பத்து பேர் பேசினா வைஃபை தாங்குமா?” என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. குரலை எண்களாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். மிகப் பழையதும் எல்லாக் கருவியிலும் இருப்பதுமான ஜி.711 என்ற கோடெக் நொடிக்கு 8,000 முறை குரலை அளக்கிறது. ஒவ்வொரு அளவும் 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இதை நொடிக்கு 50 துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரிச் சீட்டு ஒட்டினால் ஏறக்குறைய 80,000 பிட். 100 மெகாபிட் இணைப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ரூட்டர் மூச்சுத் திணறுவது வேறு இடத்தில். இரண்டு போன்கள் வெவ்வேறு கோடெக்கில் பேசினால் சர்வர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து நொடிக்கு 50 துண்டையும் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். நாலு பேர் சேர்ந்து பேசும் கான்ஃபரன்ஸிலும் எல்லாக் குரலையும் கலந்து எல்லாருக்கும் தர வேண்டும். அறிமுகப்படுத்துவது எளிது, கூடவே நின்று மொழிபெயர்ப்பது கடினம். அதனால் வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே கோடெக்கை வைத்துவிடுங்கள், பிரச்சினை போய்விடும்.

## ஏன் ரூட்டரிலேயே வைக்க வேண்டும்?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலும் அஸ்டெரிஸ்க் ஓடும். நான் முதலில் அப்படித்தான் வைத்தேன். வீட்டுக்குள் அருமையாக வேலை செய்தது. வெளியே போய் மொபைல் டேட்டாவில் அம்மாவை அழைத்தேன். மணி அடித்தது, எடுத்தார். “ஹலோ, யாரு? ஹலோ?” என்று அவர் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. மூன்று முறை வைத்துவிட்டு எடுத்தார். ஒருவழிக் குரல் என்று இதற்குப் பெயர். இன்டர்நெட் போன் வைத்துப் பார்த்தவர்களில் இதைச் சந்திக்காதவர் குறைவு.

காரணம் நேட். வீட்டுக்குள் இருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்ளூர் முகவரிகள். அதே எண் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. வெளியுலகத்துக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரி. உள்ளே இருந்து போகும் ஒவ்வொரு துண்டின் மேலும் ரூட்டர் உள்முகவரியை அழித்து வெளிமுகவரியை எழுதி அனுப்புகிறது. இந்த மாற்றும் வேலைதான் நேட்.

ஒரு அபார்ட்மென்டை நினைத்துக்கொள்ளுங்கள். பி-3 வீட்டுக்காரர் வெளியூர் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். வாசலில் செக்யூரிட்டி அதை வாங்கி, கவரின் மேல் அபார்ட்மென்டின் முழு முகவரியை எழுதி அனுப்புகிறார். ஆனால் கவருக்குள்ளே இருக்கும் கடிதத்தில் “பதிலை பி-3க்கு அனுப்பு” என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி நண்பர் வெறும் ‘பி-3’ என்று எழுதிப் பதில் போட்டால் எங்கே போய்ச் சேரும்?

எஸ்ஐபி அதையேதான் செய்கிறது. “என் குரலுக்குப் பதில் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று செய்திக்கு உள்ளே எழுதுகிறது. கம்ப்யூட்டரில் இருந்த என் சர்வர் தன் உள்முகவரியை எழுதி அனுப்பியது. என் மொபைல் அந்த முகவரிக்கு விசுவாசமாகக் குரலை அனுப்பிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு முகவரி வெளியுலகில் கிடையாது.

சர்வரை ரூட்டருக்குள் வைத்தால் செக்யூரிட்டியே ஆபரேட்டர் ஆகிவிடுகிறார். அவருக்கு உள்முகவரியும் தெரியும், வெளிமுகவரியும் தெரியும். உள்ளே இருப்பவருக்கு உள்முகவரியைச் சொல்வார், வெளியே இருப்பவருக்கு வெளிமுகவரியைச் சொல்வார். எது உள், எது வெளி என்று அமைப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். கூடவே, ரூட்டர் எப்படியும் நாள் முழுக்க ஓடுகிறது. ஒரு கம்ப்யூட்டரை 24 மணி நேரமும் ஓடவிடுவதோடு ஒப்பிட்டால் சின்ன ரூட்டர் எடுக்கும் 10 வாட் ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பல ரூட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி ஏற்கனவே முடுக்கிவிடப்பட்டிருக்கும். கவரைப் பிரித்துக் கடிதத்தையே திருத்துகிறேன் பேர்வழி என்று அது பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்துவிடும். காரணம் தெரியாமல் அழைப்பு பாதியில் அறுந்தால் முதலில் இதை அணைத்துப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: வாசலில் நிற்பவர் ஆபரேட்டராகவும் இருந்தால் முகவரிக் குழப்பம் தீர்கிறது.

## குரல் உடைவது வேகக் குறைவால் அல்ல

“நூறு மெகாபிட் இருந்தும் குரல் விட்டு விட்டு வருதே” என்பார்கள். முனிசிபாலிட்டித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் காலையில் வரும், ஒரு நாள் மதியம் வரும். வீட்டுக் குழாயில் மட்டும் எப்போதும் தண்ணீர் வருகிறது, மொட்டை மாடித் தொட்டி இருப்பதால். குரல் துண்டுகளும் அப்படித்தான் முன்னும் பின்னுமாக வந்து சேரும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். ஒவ்வொரு போனிலும் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துச் சீராக விடும் ஒரு குட்டித் தொட்டி உண்டு. தொட்டி பெரிதானால் உடைவு குறையும், ஆனால் தாமதம் கூடும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் குரல் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் பரிந்துரை.

மகன் ஒரு பெரிய வீடியோவை மேலேற்றும்போது குரல் துண்டுகள் அதன் பின்னால் வரிசையில் சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தையோடு நிற்பவரை வரிசையில் முன்னால் விடுவது போல, குரலுக்கு முன்னுரிமை கொடுக்க ரூட்டரால்தான் முடியும். அந்த வரிசையே அதன் கையில்தான் இருக்கிறது.

## சரி, எது இலவசம்?

சித்தப்பாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். உங்கள் சர்வரில் பெயர் கொடுத்திருக்கும் போன்களுக்கு இடையே பேசுவது இலவசம். மாடிக்கும் கீழுக்கும், வீட்டுக்கும் தோட்டத்து ஷெட்டுக்கும், டொரான்டோவில் இருக்கும் தங்கை தன் மொபைலில் 103 என்று சேர்ந்துகொண்டால் அவளுக்கும்.

ஊரில் இருக்கும் எந்த எண்ணையும் அழைப்பது வேறு விஷயம். அதற்கு உங்கள் சர்வரைப் பொதுத் தொலைபேசி வலையோடு இணைக்கும் வழி வேண்டும். அதற்கு இன்றும் ட்ரங்க் என்றுதான் பெயர். அதை விற்கும் நிறுவனத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும். கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வீட்டுக்காரர்கள் இதைச் சாதாரணமாக வாங்குகிறார்கள்.

இந்தியாவில் கவனம் தேவை. இன்டர்நெட் வழிப் பேச்சு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டாலும், இன்டர்நெட் அழைப்பை உள்நாட்டுச் சாதாரண எண்களோடு கோத்துவிடும் வேலை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் அழைப்பை வீட்டு சிம் வழியாக உள்ளூர் எண்ணுக்கு இறக்கிவிடுவது குற்றம். சிம் பாக்ஸ் பறிமுதல் என்று செய்தியில் வருவது இதுதான். யாராவது ‘சும்மா ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பணம் தருவதாகச் சொன்னால் தொடவே தொடாதீர்கள்.

## தங்கையின் போன் எப்படி உள்ளே வரும்?

சர்வரை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே எங்கெங்கோ இருந்து தானியங்கி நிரல்கள் வந்து 5060 என்ற வாசலைத் தட்டத் தொடங்கும். 101-க்குக் கடவுச்சொல் 101-ஆ என்று கேட்டுப் பார்க்கும். ட்ரங்க் வைத்திருந்து அது உள்ளே நுழைந்துவிட்டால், உங்கள் செலவில் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். அதனால் வெளியிலிருந்து வருபவர்களுக்கு விபிஎன் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் கருவியையும் வீட்டு வைஃபையையும் பூட்டிய ஒரு சுரங்கப்பாதை வழியாக இணைப்பது அது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் வயர்கார்டு என்ற இலவச விபிஎன் போட முடியும். தங்கையின் போன் உள்ளூர்ப் போன் போலவே தெரியும். நேட் தொல்லையும் அதோடு போகும்.

ஒரு தடங்கல் வரலாம். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இணைப்பு தருபவரே மேலே இன்னொரு நேட் வைத்திருப்பார். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் உங்களுக்கு அந்த நிலைமைதான். அபார்ட்மென்டுக்கே தெரு முகவரி கிடையாது என்பது போல. ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கென்றே மாறாத வெளிமுகவரி, என்று கேட்டுக் கூடுதல் கட்டணம் கட்டலாம், அல்லது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாக முயலலாம். வீட்டுக்குள் மட்டும் பேசினால் இது எதுவும் உங்களைப் பாதிக்காது.

## தொடங்குவதற்கு முன்

இணைப்பு தந்தவரின் பெட்டியில் கை வைக்காதீர்கள். தனியாக ஒரு ரூட்டர் வாங்குங்கள். இணைப்பு தந்தவரின் பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொன்னால் உங்கள் ரூட்டரே வாசல் ஆகும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் போதாது, அடியில் உள்ள ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணையும் பாருங்கள். அந்தப் பழைய டபிள்யூஆர்டி54ஜியே ஐந்தாம் பதிப்பில் நினைவகம் பாதியாகி, லினக்ஸும் போய்விட்டது. வெளியே அதே பெயர்தான். இன்றைய அஸ்டெரிஸ்குக்கு 128 எம்பி ரேமாவது இருப்பதும், கூடுதல் நினைவகம் செருக யுஎஸ்பி துளை இருப்பதும் நல்லது.

அப்புறம் கரண்ட். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் கம்பியில் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் வேலை செய்யும். ரூட்டருக்கு அப்படி இல்லை. ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை மாட்டுங்கள். 108, 112 போன்ற அவசர எண்களுக்கு மொபைலையே நம்புங்கள், வீட்டில் வயதானவர்களிடமும் அதைச் சொல்லி வையுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் முதல் அழைப்பை யாருக்கும் போடாதீர்கள். அஸ்டெரிஸ்கில் எக்கோ என்ற வசதி உண்டு. நீங்கள் பேசுவதை அப்படியே திருப்பி அனுப்பும். 600 போல ஓர் எண்ணை அதற்கு ஒதுக்கி அழைத்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். உங்கள் குரல் எந்த அறையில் தாமதமாகத் திரும்பி வருகிறது, எந்த மூலையில் உடைகிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் மாடிப்படித் திருப்பத்தில் உடைந்தது. வைஃபையை நம்ப வேண்டாம் என்று அம்மாவின் ஏடிஏவுக்கு ரூட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தது அன்றுதான்.